போகிற வழியும் வருகிற வழியும்

பனையிலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது கயிறு அறுந்து விழுந்தவர், சாரம் சரிந்து கீழே வந்த கொத்தனார் என்று தண்டுவடத்தில் அடிபட்ட பலரைத் திருநெல்வேலிப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களைப் பரிசோதிக்க என் பையில் இருந்த சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, ஒரு டியூனிங் ஃபோர்க், முழங்காலில் தட்டுகிற சுத்தியல், உள்ளங்காலைக் கீற ஒரு சாவி. மாணவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிற ஊரையும் ஆளையும் சேர்த்தே சொல்வேன். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தக் கதை தெரியாத பிள்ளைகள் காலில் பலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பரிசோதனையை முடித்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்காமல் போனது.

மூளையிலிருந்து கட்டளை இறங்குகிறது, தசை அசைகிறது. எல்லோர் மனதிலும் இருக்கிற படம் இதுதான். அது போகிற வழி. கால் இப்போது எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, தரை மேடா பள்ளமா என்ற சேதி கீழிருந்து ஓயாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அது வருகிற வழி. இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் அடி எடுத்து வைக்க முடியும். நம் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டுவடத்துக்குள் இந்த இரண்டு வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. போகிற வழிக்குக் கிடைத்த பேர் வருகிற வழிக்குக் கிடைக்கவே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எகிப்தில் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட ஒரு பப்பைரஸ் சுருள் இருக்கிறது. 1862இல் லக்சரில் அதை விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. 48 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் அதில் உண்டு. கழுத்தெலும்பு நழுவிய ஒருவனைப் பற்றி எழுதியவர், அவனுக்குக் கையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை, சிறுநீர் தானாக ஒழுகுகிறது என்று கவனித்து எழுதிவிட்டு, இது வைத்தியம் செய்யக்கூடியது அல்ல என்று முடிக்கிறார். அந்தக் கடைசித் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாறாமலே இருந்தது. ஆனால் கவனித்த கண் கூர்மையான கண். அசைவு போனதோடு உணர்வும் போனது, சிறுநீரின் கட்டுப்பாடும் போனது என்று மூன்றையும் கழுத்தில் பட்ட ஒரே அடியோடு அவர் கோத்துவிட்டார்.

ரோமாபுரிக் காலத்தில் பெர்கமன் நகரில் வாள்வீரர்களுக்கு வைத்தியராக இருந்த கேலன், விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டிப் பார்த்தார். குறுக்கே பாதி வெட்டினால் வெட்டிய பக்கம் மட்டும் செயலிழந்தது. நடுக்கோட்டில் நெடுக்காகப் பிளந்தால் எந்தப் பக்கமும் செயலிழக்கவில்லை. ஏறத்தாழ அந்தக் காலத்தவரான கப்படோசியாவின் அரெட்டேயஸ் இன்னொன்றைச் சொன்னார். தலையில் அடிபட்டால் எதிர்ப்பக்கம் விழுகிறது, தண்டுவடத்தில் அடிபட்டால் அதே பக்கம் விழுகிறது. ஆகவே நரம்புகள் மேலே எங்கோ பெருக்கல் குறி போலக் குறுக்கே கடந்து போகின்றன என்றார். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தது 1709, 1710ஆம் ஆண்டுகளில்தான். இத்தாலியில் மிஸ்டிகெல்லியும், நமூர் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவராக இருந்த பூர்ஃபூர் து பெட்டியும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் இழைகள் இடம்வலம் மாறுவதை விவரித்தார்கள். பெட்டி, தலையில் காயம்பட்ட சிப்பாய்களை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நாய்களிடம் சோதித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டவர். மூளையின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இறங்குகிற ஏறத்தாழ பத்து லட்சம் இழைகளில் பத்தில் ஒன்பது பங்கு அந்த இடத்தில் எதிர்ப்பக்கம் போகிறது என்பது இன்றைய கணக்கு. பக்கவாதம் மூளையின் இடப்பக்கம் வந்தால் வலது கை விழுவதற்குக் காரணம் அதுதான்.

இதுவரை எல்லோரும் பார்த்தது பெரும்பாலும் அசைவை. உணர்வுக்கு என்று தனி வழி உண்டு என்று நிரூபித்த சோதனை 1822இல் பாரிசில் நடந்தது. தண்டுவடத்தின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் முன்பக்கம் ஒரு வேர், பின்பக்கம் ஒரு வேர் கிளம்பிச் சேர்ந்து ஒரு நரம்பாகின்றன. ஃபிரான்சுவா மஜாண்டி நாய்க்குட்டிகளின் முதுகைத் திறந்து பின்வேரை அறுத்தார். கால் அசைந்தது, உணர்வு இல்லை. முன்வேரை அறுத்தார். உணர்வு இருந்தது, கால் துவண்டு கிடந்தது. மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. இங்கிலாந்தின் சார்லஸ் பெல் 1811இலேயே நூறு பிரதி அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்த சிறுநூலில் தானே இதைச் சொல்லிவிட்டதாக உரிமை கோரினார். பெல் அதில் முன்வேரைத் தொட்டால் தசை துடிக்கிறது என்றுதான் காட்டியிருந்தார். பின்வேர் உணர்வுக்கு உரியது என்று காட்டவில்லை. இன்றும் பாடப்புத்தகத்தில் இருவர் பேரையும் சேர்த்தே போடுகிறார்கள். எனக்கு மஜாண்டி பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அந்த நாய்க்குட்டிகளை நினைத்தால் வயிறு கலங்கவும் செய்கிறது. இரண்டையும் மறைக்காமல்தான் மாணவர்களிடம் சொல்வேன்.

ஒருமுறை முதுகில் கத்திக்குத்து வாங்கிய ஓர் இளைஞனை அவன் அம்மா அழைத்து வந்தார். வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது, இடது கால் நன்றாக நடந்தது. அந்த அம்மாவுக்குப் புரியாத விஷயம் வேறு. “வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன்மா. முடியாத காலு சூடு தாங்கமாட்டாம வெடுக்குன்னு இழுக்கான். நல்ல காலு கொப்புளிச்சிப் போச்சு, அவனுக்கு ஒண்ணுமே தெரியல. இது என்னம்மா கணக்கு?” என்றார்.

அந்தக் கணக்கைப் போட்டவர் 1817இல் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயியில் பிறந்த சார்லஸ் எத்வார் பிரௌன்-செக்கார். அப்பா அமெரிக்கக் கப்பல் தலைவர். பிள்ளை பிறக்குமுன்பே கடலில் போனவர் திரும்பவில்லை. அம்மா பிரெஞ்சு வழிவந்தவர், தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கைவினைஞர்கள் குடியிருந்த ஊர் அது. எழுத்தாளனாகும் ஆசையோடு 1838இல் அம்மாவோடு பாரிசுக்குப் போன பையன், அங்கே ஓர் எழுத்தாளர் சொன்ன அறிவுரையைக் கேட்டு மருத்துவம் படித்தான். அம்மா இறந்த பிறகு அவர் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான்.

1846இல் முடித்த பட்ட ஆய்விலேயே தண்டுவடத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் தண்டுவடத்தின் ஒரு பாதியை மட்டும் வெட்டிய விலங்குகளில், வெட்டிய பக்கம் அசைவு போவதையும் எதிர்ப்பக்கம் உணர்வு போவதையும் காட்டினார். பிறகு கத்திக்குத்துப் பட்டவர்கள், கட்டி வளர்ந்தவர்கள் என்று மனிதர்களின் விவரங்களைச் சேர்த்து அடுக்கினார். ஓர் ஊரில் நிலைக்காத மனிதர். 1854இல் மொரீஷியஸில் காலரா பரவியபோது அங்கே நின்று வைத்தியம் பார்த்தார். வர்ஜீனியா, லண்டன், ஹார்வர்டு, மறுபடி பாரிஸ் என்று அலைந்தார். லண்டன் குயின் ஸ்கொயரில் வலிப்புக்காரர்களுக்கும் வாதநோயாளிகளுக்குமென்று தொடங்கிய மருத்துவமனையில் 1860இல் முதல் மருத்துவர்களில் ஒருவராகச் சேர்ந்து, மூன்றாண்டுகளில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். மூன்று வழிகள். கட்டளை இறங்குகிற வழி முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுகிறது, ஆகவே தண்டுவடத்தின் வலப்பாதியில் ஓடுவது வலது காலுக்கான கட்டளை. மூட்டு எங்கே இருக்கிறது, அதிர்வு, மென்மையான தொடுகை ஆகியவற்றின் சேதி காலிலிருந்து அதே பக்கமாகவே தண்டுவடத்தின் பின்புறத்தில் முகுளம் வரை ஏறி, அங்கே போய்த்தான் பக்கம் மாறுகிறது. வலியும் சூடும் குளிரும் மட்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்த ஓரிரு அடுக்குகளிலேயே எதிர்ப்பக்கம் கடந்து, அங்கிருந்து மேலே ஏறுகின்றன. கத்தி வலப்பாதியை வெட்டியதால் வலது கால் கட்டளையையும் நிலையுணர்வையும் இழந்தது, இடது கால் வலியையும் சூட்டையும் இழந்தது. “அப்போ நல்ல காலத்தான் நான் பாத்துக்கிடணும்” என்றார் அந்த அம்மா. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வாரம் எடுக்கும் பாடம் அது.

வலியும் சூடும் தனி வழியில் போகின்றன என்பது பிரௌன்-செக்காருக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. அது தெளிவாகக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1889இல் லுட்விக் எடிங்கர் அந்த இழைகள் கடந்து போவதை விவரித்தார். 1905இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ஸ்பில்லர், வலியும் சூடும் மட்டும் தெரியாமலிருந்து இறந்த ஒரு நோயாளியின் தண்டுவடத்தில், முன்பக்கவாட்டுப் பகுதியைக் காசநோய்க் கட்டிகள் அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து அவர் சொன்னபடி அறுவை மருத்துவர் எட்வர்ட் மார்ட்டின், தாங்கமுடியாத வலியில் துடித்த நோயாளியின் தண்டுவடத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டினார். வலி போனது, கால் நடக்கும் வலுவோடு இருந்தது. 1912இல் அதை வெளியிட்டார்கள்.

நான் எப்போதும் நின்று பேசுகிற இடம் அடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு நோய் பரவலாக இருந்தது. சிபிலிஸ் என்கிற மேகநோய் வந்து பல ஆண்டுகள் கழித்து, தண்டுவடத்தின் பின்பகுதியை அரித்துவிடும். டேபிஸ் டார்சாலிஸ் என்று பேர். அந்த நோயாளிகள் கால்களை அகட்டி, பாதத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் அறைந்து நடப்பார்கள், கண்ணைக் காலைவிட்டு எடுக்கமாட்டார்கள். 1840களில் பெர்லினின் மோரிட்ஸ் ரோம்பெர்க் கவனித்தது எளிய ஒன்று. இவர்களைக் காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடி விழுகிறார்கள். இருட்டில் நடக்க முடியவில்லை, முகம் கழுவக் கண்ணை மூடினால் நிற்க முடியவில்லை. 1858இல் பிரான்சின் துஷேன் இன்னும் ஓரடி போனார். அவர்களின் தசைவலுவை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தால் வலு குறையவே இல்லை. பலமான கால்கள், ஆனால் நடக்கத் தெரியாத கால்கள்.

மருத்துவ உலகம் இதை நரம்பியலின் ஒரு பழைய அத்தியாயமாக மட்டும் வைத்திருக்கிறது. எனக்கோ இந்தத் தொழிலின் அடிப்படையே இதில் இருப்பதாகப் படுகிறது. கட்டளை முழுசாக இறங்கிக்கொண்டிருந்தும் சேதி ஏறாததால் ஒரு மனிதன் தரையில் விழுகிறான் என்றால், இயக்கத்தில் பாதி உணர்வுதான் என்று வேறு எப்படி எடுத்துச் சொல்வது? கால் பெருவிரலிலிருந்து கிளம்புகிற அந்த ஓர் இழை இடையில் வேறு எதனோடும் கைமாறாமல் முகுளம் வரை போகிறது. உடம்பில் இருப்பதிலேயே நீளமான உயிரணு அதுதான். பெனிசிலின் வந்த பிறகு டேபிஸ் அரிதாகிவிட்டது. ஆனால் அதே வழி கெட்டு வருகிறவர்களை நம் ஊரில் இன்றும் பார்க்கிறோம். வைட்டமின் பி12 குறைபாடு தண்டுவடத்தின் பின்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்கும். 1900இல் ரஸ்ஸல், பாட்டன், காலியர் என்ற மூவர் லண்டனில் இந்த நோயை விவரித்தார்கள். 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. இறைச்சி, மீன், முட்டை தொடாதவர்கள், பாலும் குறைவாகச் சேர்த்துக்கொள்கிறவர்கள், வயதானவர்கள் இதற்கு ஆளாகலாம். தக்க நேரத்தில் ஊசி போட்டால் எழுந்து நடக்கிறவர்கள் இவர்கள்.

அப்படி ஒரு பெரியவர் வந்தார். இருட்டில் கொல்லைப்பக்கம் போனால் விழுகிறேன் என்றார். காலில் நல்ல வலு. “அண்ணாச்சி, கண்ண மூடிக்கோங்க. பெருவெரல மெதுவா அசைக்கேன். மேல போகுதா, கீழ போகுதா?” என்று கேட்டேன். “அசைச்சியாம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலியே” என்றார். விரலை அசைத்துவிட்டுத்தான் கேட்டிருந்தேன். அவரை உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். காலைத் தூக்கச் சொல்லி மட்டும் பார்த்திருந்தால் மூட்டுவலி என்று எண்ணெய் எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

போகிற வழியின் வரலாறு இதைவிட ஆரவாரமானது. வியன்னாவின் லுட்விக் டூர்க் 1851இல், மூளையில் பழுதுபட்டு இறந்தவர்களின் தண்டுவடத்தை உருப்பெருக்கியில் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் சிதைவு கீழ்நோக்கி ஓடுவதைக் கண்டார். சிதைவு இறங்கினால் அது இறங்குகிற வழி, ஏறினால் ஏறுகிற வழி. மிகப் பொறுமையான, அழகான தர்க்கம். லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கை, முகம் என்று வரிசையாகப் பரவுவதைப் பார்த்து, மூளையின் மேற்பரப்பில் உடம்பு அதே வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அவர் மனைவிக்கும் அப்படிப்பட்ட வலிப்பு இருந்தது. 1876இல் அந்த மனைவி இறந்துபோனார். 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி எதிர்ப்பக்கக் காலை அசைத்துக் காட்டினார்கள்.

1881 ஆகஸ்டில் லண்டனில் உலக மருத்துவ மாநாடு. ஸ்ட்ராஸ்பர்க்கின் கோல்ட்ஸ், மூளையின் மேற்பரப்பில் பெரும்பகுதியை எடுத்துவிட்ட நாயைக் கொண்டுவந்தார். அது ஓடியது, குதித்தது. மூளையில் இடத்துக்கு இடம் தனி வேலை கிடையாது என்பது அவர் வாதம். டேவிட் ஃபெரியர் கொண்டுவந்த குரங்குக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அது வலது கையும் காலும் விழுந்து நொண்டிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பாரிசின் ஷார்கோ, இது அச்சு அசல் என் நோயாளி என்கிற மாதிரி வியந்து சொன்னார். அந்த நாளில் ஃபெரியர் ஜெயித்தார். சில மாதங்களில் விலங்குவதைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கும் வந்தது. கத்தியை எடுத்தவர் உரிமம் வைத்திருந்த வேறொரு மருத்துவர் என்று தெரிந்ததும் விடுவிக்கப்பட்டார். கோல்ட்ஸின் நாயையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்று பிற்காலம் காட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷார்கோவின் மாணவர் ஜோசப் பாபின்ஸ்கி. போலந்திலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தவர். பேராசிரியர் தேர்வில் ஜெயிக்கவில்லை, பித்தியே மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். 1896 பிப்ரவரி 22 அன்று அவர் ஒரு சங்கத்தில் வாசித்த குறிப்பு அச்சில் வெறும் 28 வரி. உள்ளங்காலைக் கீறினால் ஆரோக்கியமானவருக்கு விரல்கள் கீழே மடங்கும். மூளையிலிருந்து இறங்குகிற வழி கெட்டவருக்குப் பெருவிரல் மேலே எழும்பும். மண்டையையோ முதுகையோ திறக்காமல், ஒரு சாவிநுனியைக் கொண்டு, எங்கோ மேலே ஒரு வழி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு ஹிஸ்டீரியாவால் கால் வராமல் போனவர்களையும் நரம்பு கெட்டவர்களையும் பிரித்தறிவது பெரும்பாடு. நடிக்கிறாள், பிடிவாதம் பிடிக்கிறாள் என்று ஏச்சு வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பெருவிரல் சாட்சி சொல்லியிருக்கும்.

கைக்குழந்தையின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது தெரியும். குழந்தையின் பெருவிரல் மேலேதான் எழும்பும். அது நோய் இல்லை. இறங்குகிற வழியின் இழைகளுக்கு மேலுறை இன்னும் முழுதாகப் போர்த்தவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்குகிற பருவத்தையொட்டித்தான் அது முதிர்கிறது. சிசுக்களின் தண்டுவடத்தில் எந்த வழி எப்போது உறை போர்த்துக்கொள்கிறது என்று பார்த்தே வழிகளைப் பிரித்து வரைந்தவர் லைப்சிக்கின் பால் ஃபிளெக்சிக். 1876இல் அவர் நூல் வந்தது. பாபின்ஸ்கியின் 28 வரிக்கு அடித்தளம் இருபது ஆண்டுகள் முன்பே போடப்பட்டிருந்தது.

முழங்கால் சுத்தியலையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் சில்லின் கீழே தட்டினால் கால் உதைப்பதை 1875இல் ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இருவர் தனித்தனியே கண்டு, ஒரே இதழில் எழுதினார்கள். நாங்கள் பயன்படுத்துகிற, நீளக் காம்பும் வட்டத் தலையுமுள்ள சுத்தியல் குயின் ஸ்கொயரிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய விண்டில் என்ற செவிலியர் பித்தளைச் சக்கரத்தில் ரப்பர் வளையத்தை மாட்டி, மூங்கில் குச்சியில் பொருத்தி, பயிற்சி மருத்துவர்களுக்கு விற்பார். டாக்டர்கள் பேரில் நூற்றுக்கணக்கான குறிகளும் நோய்களும் இருக்க, உலகமெங்கும் பைகளில் இருக்கும் இந்தச் சுத்தியலுக்கு அந்தப் பெண்ணின் பேர் இல்லை, மருத்துவமனையின் பேர்தான் இருக்கிறது.

1895இல் லண்டனில் மாட், ஷெரிங்டன் என்ற இருவர் செய்த ஒரு சோதனை என் தொழிலை நேராகத் தொட்டது. குரங்கின் ஒரு கைக்கு உரிய பின்வேர்களை மட்டும் அறுத்தார்கள். முன்வேர்களைத் தொடவில்லை, மூளையிலிருந்து இறங்குகிற வழி முழுசாக இருந்தது. ஆனால் அந்தக் கை தொங்கிப்போனது. பழத்தை எடுக்கவோ கம்பியைப் பிடிக்கவோ குரங்கு அந்தக் கையை நீட்டவே இல்லை. உணர்வு போனதும் அசைவும் போனது. ஷெரிங்டன் பிறகு தசையும் மூட்டும் தங்கள் நிலையைத் தாமே அறிவிக்கிற அந்த உணர்வுக்குத் தனிப் பெயரே வைத்தார். 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் டாப் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். இம்முறை குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தார். வேறு வழியில்லாமல் அது உணர்வற்ற கையை நீட்டத் தொடங்கியது. அந்தக் கையால் முடியாமலில்லை. முயன்று முயன்று தோற்றதில் பயன்படுத்தாமலே இருக்கப் பழகிவிட்டிருந்தது. 1981இல் அவருடைய சில்வர் ஸ்பிரிங் ஆய்வகத்தில் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலையைப் பற்றிப் புகார் வந்து போலீஸ் புகுந்தது, ஆய்வு நின்றது. அதன் பிறகு அலபாமாவில் அவர் உருவாக்கிய சிகிச்சையைத்தான் இன்று பக்கவாத நோயாளிகளுக்குச் செய்கிறோம். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையாலேயே பல மணிநேரம் வேலை செய்யவைப்பது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2006இல் அதன் பலனை உறுதி செய்தது. வீட்டுக்காரர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். “சோத்துக் கைய ஏன் கட்டுதிய?” என்று என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். மூன்றாம் வாரம் நோயாளி அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்கும்போது அவர்களே உறையைத் தேடி எடுத்துவந்து மாட்டுவார்கள்.

கோல்ட்ஸின் நாய்க்கு வருகிறேன். 1968இல் லாரன்ஸும் குய்ப்பர்ஸும் குரங்குகளின் முகுளத்தில், எல்லோரும் தலைமைச் சாலையாக நினைத்திருந்த இறங்கு வழியை இருபக்கமும் வெட்டினார்கள். குரங்குகள் சில வாரங்களில் உட்கார்ந்தன, நடந்தன, கூண்டில் ஏறின. ஒன்று மட்டும் திரும்ப வரவில்லை. விரல்களைத் தனித்தனியாக அசைத்துச் சின்னக் குழிக்குள்ளிருந்து உணவைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை. பிறகு மூளைத்தண்டின் உட்புறத்திலிருந்து இறங்குகிற வேறு வழிகளையும் வெட்டிய குரங்குகள் நிமிர்ந்து உட்காரவும் விழாமல் நிற்கவும் தெரியாமல் போயின. நிற்பதும் சமநிலையும் அந்தப் பழைய வழிகளின் வேலை. விரல் நுணுக்கம் புதிய வழியின் வேலை. நாயின் ஓட்டத்துக்குப் பழைய வழிகளே பெரும்பாலும் போதும். மாநாட்டில் தோற்றதாகக் கருதப்பட்டவர் உண்மையின் ஒரு பகுதியைக் கையில் வைத்திருந்தார். பக்கவாத நோயாளி நடந்துவிடுகிறார், சட்டைப் பொத்தான் மட்டும் போட முடியவில்லை என்று குடும்பத்தார் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவில் வரும்.

எகிப்திய வைத்தியரின் தீர்ப்பு மாறியது 1944இல். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில்லில் தண்டுவடக் காயத்துக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை இந்த நோயாளிகளைக் கொன்றது அறுந்த வழி அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். உணர்வில்லாத தோல் அழுந்துவதை மூளைக்குச் சொல்ல ஆளில்லை. குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்கவைத்தார். எந்தப் புது மருந்தைவிடவும் அந்தத் திருப்பிவிடல் உயிர்களைக் காத்தது. 1948இல் சக்கர நாற்காலியில் வில்வித்தைப் போட்டியும் நடத்தினார். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது.

அதே ஆண்டுகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பினார்கள். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தையும் கூரான பிடியையும் விடாமல் பற்றி, அவர்களே அறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் விரல்கள் தேய்கின்றன என்று அவர் கண்டறிந்தார். 1954இல் அந்தக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யக் கற்றார். தன் கால்களிலிருந்து சேதி வராத ஒருவர், கைகளிலிருந்து சேதி வராதவர்களின் விரல்களைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966இல் வேலூர் பாகாயத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தண்டுவடக் காயம்பட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார்.

அந்த மரபிலிருந்து வந்ததைத்தான் திருநெல்வேலியில் நாங்களும் செய்தோம். பனையேறி அண்ணாச்சிக்கு முதல் வாரம் நான் கொடுப்பது உடற்பயிற்சி இல்லை, நீளக் காம்பு வைத்த முகம்பார்க்கும் கண்ணாடி. காலையிலும் படுக்கப்போகும் முன்பும் பிட்டத்தையும் குதிகாலையும் அதில் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அன்று அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. குளிக்கிற தண்ணீரை உணர்வுள்ள கையால் தொட்டுப் பார்த்தபிறகே காலில் ஊற்ற வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்க வேண்டும். தோல் சொல்லாததைக் கண் சொல்லப் பழகிய பிறகு கைகளுக்கு வலு ஏற்றத் தொடங்குவோம்.